முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு பை

என்னிடம் இருப்பது 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள். பிசிபி வகை, அதாவது குழலுக்கு அடியில் உள்ள சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடுவது. கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோள் வரை நீளும் பகுதி, பீச் மரம். மேலே ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, இருக்கிறது. ஆனால் எந்த பெல்லட் (ஈயக் குண்டு) இந்தக் குழலுக்கு ஒத்துவருகிறது என்று பார்க்கவும், ஸ்கோப்பை நம்பிக்கையாக ஜீரோ செய்யவும், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருத்தவும், நின்றுகொண்டு சுட்டால் போதாது. குண்டு விலகினால் அது பெல்லட்டின் குறையா, என் கை ஆட்டமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதற்காகத்தான் பைபாட், அதாவது ரைபிளை முன்னால் தாங்கும் இரண்டு கால் தாங்கி, மாட்டினேன். தேர்ந்தெடுத்தது, கட்டையில் பொருத்தியது, பின்னால் வைக்க ஒரு பை தைத்தது என்று செய்த வேலை முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில விஷயங்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி நின்று சுடுவது. அதில் பைபாட்டுக்கு இடமில்லை. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் இதில் காசு போட வேண்டாம். அடுத்தது சட்டம். ஆயுத விதிகள் 2016-இன்படி 4.5 மில்லிமீட்டருக்கு (.177) மேல் போகாத, 20 ஜூலுக்கு மேல் சக்தி இல்லாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் வேண்டாம் என்பதால் மொட்டை மாடியில் இருந்து சுடலாம் என்று அர்த்தமாகாது. சென்னையில் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் எதிரே இன்னொரு மாடி, அங்கே துணி காயப்போடும் ஒருவர். காக்கையோ புறாவோ சுடுவதற்கான கருவியும் இல்லை இது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், சட்டமே இல்லாவிட்டாலும் அது செய்யக்கூடாத காரியம். நான் சுடுவது கிளப் ரேஞ்சில் மட்டும். வீட்டில் செய்தது எல்லாம் காலி ரைபிளோடு செய்த பொருத்தும் வேலைதான்.

உங்களிடம் இருப்பது ஸ்பிரிங் வகை ரைபிள் என்றால், அதாவது குழலை மடக்கி லோடு செய்வது என்றால், பைபாட் வாங்கும் முன் யோசியுங்கள். ட்ரிகரை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதனால் ரைபிள் முதலில் பின்னால் தள்ளும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். இந்த அதிர்வு நடக்கும் நேரத்தில் பெல்லட் இன்னும் குழலைவிட்டு வெளியேறியிருக்காது. அந்த ரைபிளை இறுக்கிப் பிடித்தாலும், கடினமான எதன் மேலாவது வைத்தாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகத் துள்ளும். திறந்த உள்ளங்கையில் தளர்வாக வைத்து, அதன் போக்கில் துள்ள விட்டால்தான் குண்டுகள் ஓரிடத்தில் சேரும். எந்தக் கடையிலும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை. பிசிபியில் இந்தத் தொல்லை இல்லை, துள்ளல் மிகக் குறைவு.

சரி, எந்த பைபாட்? நான் முதலில் பார்த்தது உயரம். இதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. ஹாலில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்து, ரைபிளின் முன்கட்டைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். கழுத்து வலிக்காமல், தாடையைக் கட்டையில் இயல்பாக வைத்ததும் ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் தெரிகிற உயரத்தில் நிறுத்தி, தரையிலிருந்து கட்டை வரை அளந்துகொண்டேன். மேசையில் உட்கார்ந்தும் அதே மாதிரி ஒரு அளவு. ஹாரிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பைபாட்தான் இந்த உலகத்தில் எல்லோரும் பின்பற்றும் மாதிரி. அதில் 6 முதல் 9 அங்குலம், 9 முதல் 13 அங்குலம் என்று தனித்தனி உயரங்கள் உண்டு. மேசைக்குச் சின்னது போதும். படுத்துச் சுடுகிறவருக்கு, உடம்பு வாகைப் பொறுத்து, பெரியது தேவைப்படலாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று உயரமானதை வாங்க வேண்டாம். கால் நீள நீள ஆட்டம் கூடும்.

இரண்டாவது, பக்கவாட்டில் சாய்க்கும் வசதி. ஸ்விவல் என்பார்கள். தரையும் மேசையும் எப்போதும் சமமாக இருக்காது. இரண்டு கால்களின் நீளத்தை மாற்றி மாற்றி ரைபிளை நேராக்குவதைவிட, ஸ்விவல் உள்ளதை வாங்கி அதன் இறுக்கத்தை ஒரு லீவரால் பூட்டிக்கொள்வது மேல். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

20 ஜூலை ஒட்டிய சக்தியில் கிளம்பும் சாதாரண எடை பெல்லட் 50 மீட்டர் போவதற்குள் இருபது சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். ஸ்கோப்பை ஜீரோ செய்யும்போது அந்த இறக்கத்துக்கு ஈடாகக் குழலை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். ரைபிள் 5 டிகிரி பக்கவாட்டில் சரிந்திருந்தால் அந்தச் சாய்வின் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடும். குண்டு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழும். அதே 5 டிகிரி 10 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட விலக்காது, அங்கே இறக்கமே ஒரு சென்டிமீட்டருக்குள்தான். அதனால் பக்கத்தில் சுடும்போது ஒழுங்காக இருந்த ரைபிள் தூரத்தில் கெட்டுவிட்டதாகத் தோன்றும். ஸ்கோப்பின் மேல் ஒட்டும் சின்ன ரசமட்டக் குமிழ் ஒன்று போட்டுக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

மூன்றாவது, மாட்டும் இடம். பைபாட்டைப் பிடிக்க மூன்று நான்கு வழிகள் உண்டு: கட்டையில் தோள்வார் மாட்ட உள்ள ஸ்லிங் ஸ்டட் என்ற குமிழ், குறுக்கே காடிகள் வெட்டிய உலோகப் பட்டையான பிக்காட்டினி ரெயில், எம்-லாக் என்ற நீள்துளை, கேமரா முக்காலியிலிருந்து வந்த ஆர்கா ரெயில். இவை தவிர குழலையோ சிலிண்டரையோ சுற்றிக் கவ்வும் கிளாம்ப் வகையும் விற்கிறது. பிசிபிக்கு அதைத் தொடாதீர்கள். சிலிண்டரில் காற்றழுத்தம் குறையக் குறைய அதன் வடிவம் துளியளவு மாறும். பைபாட்டின் சுமையும் அதிலேயே தொங்கினால் குழலின் மீது விழும் அழுத்தமும் சேர்ந்து மாறும். குண்டு விழும் இடம் மெல்ல நகர்ந்துகொண்டே போகும், காரணமும் பிடிபடாது. சுமை மரக்கட்டையில் இறங்கட்டும்.

என் ரைபிளில் ஸ்டட் இல்லை. அதனால் முன்கட்டையின் அடியில் ஒரு சின்ன பிக்காட்டினி ரெயில் துண்டைப் பதிக்கத் தீர்மானித்தேன். ரெயில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிக்காட்டினியின் காடி 5.23 மில்லிமீட்டர் அகலம், ஒரு காடியின் நடுவிலிருந்து அடுத்த காடியின் நடு வரை 10.01 மில்லிமீட்டர். பார்க்க அதே மாதிரி இருக்கும் வீவர் ரெயிலின் காடி இதைவிடக் குறுகல். பிக்காட்டினிக்கான பைபாட் அதில் உட்காராமல் போகலாம். வெர்னியர் காலிப்பரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் வீண் அலைச்சல் மிச்சம்.

ரெயிலை வெறும் மரத் திருகு கொண்டு பிடிக்கக் கூடாது. பைபாட் கால் ஒரு நெம்புகோல், ஒவ்வொரு தடவை முன்னால் சாயும்போதும் திருகைப் பிடுங்கப் பார்க்கும். மரத்தின் உட்பக்கம் ஒரு தகடு வைத்து, அதில் மரை போட்டு, வெளியிலிருந்து போல்ட் வர வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இதைச் செய்துகொண்டேன். நான் அலுமினியத் தகடு என்றுதான் கேட்டேன். பட்டறை அண்ணன் ரெயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அலுமினியத்துல மரை நிக்காது தம்பி. நாலு எம்எம் ஸ்டீல்ல போட்டுத் தர்றேன், ஆயுசுக்கும் கழட்டி மாட்டலாம்” என்றார். அவர் சொன்னது மிகச் சரி. எம்5 போல்ட்டின் மரை இடைவெளி 0.8 மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர் தடிமனில் ஐந்து மரை கிடைக்கிறது. ரெயிலின் இரண்டு துளைகளை வைத்தே தகட்டில் குறித்து மரை வெட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மேகசினைக் கழற்றி, குழலில் பெல்லட் இல்லை என்று பார்த்து உறுதி செய்துவிட்டுக் கட்டையைத் தனியாகப் பிரித்தேன். காற்று அடைத்த பகுதியின் எந்தத் திருகிலும் கை வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. முன்கட்டையின் அடியில் நேர்கோடு கிடைக்க, கட்டையின் நுனியிலிருந்து ட்ரிகர் கார்டின் நடு வரை நூலை இழுத்துக் கட்டி, சாக்பீஸ் தடவி ஒரு சுண்டு சுண்டினால் போதும். துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் மரம் செதில் பெயராது. முதலில் சின்ன பிட், அப்புறம் 5 மில்லிமீட்டர் பிட். எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு முன்னால் வைத்தேன். காரணம் கீழே வருகிறது.

ரெயில் தட்டை, கட்டையின் அடிப்பக்கம் உருண்டை. இரண்டும் ஒரே கோட்டில்தான் தொடும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பக்கவாட்டில் ஆடும், அதிகம் இறுக்கினால் மரம் பிளக்கும். இதற்கு எம்-சீல்தான் மருந்து. சிங்க் ஒழுகினால் அடைப்போமே, அதே எம்-சீல். இரண்டு குச்சியையும் சம அளவு எடுத்து நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, ரெயிலின் அடியில் மெல்லிய கயிறு போல வைத்து, போல்ட்டைக் கை இறுக்கத்துக்கு மட்டும் முடுக்கினேன். பிதுங்கி வந்ததை ஈரத் துணியால் துடைத்தாயிற்று. நாளை ரெயிலைக் கழற்ற வேண்டியிருக்கலாம் என்பதால் மரத்தின் மேல் முன்னதாகவே மெழுகு பாலிஷ் தேய்த்து வைத்திருந்தேன். மறுநாள் வரை அப்படியே விட்டு, பிறகு முழு இறுக்கம். இப்போது ரெயிலைப் பிடித்து முறுக்கினால் ரைபிளே சேர்ந்து வருகிறது. ஒட்டுமொத்த வேலையில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இந்த இடம்தான்.

கட்டையைத் திரும்பப் பூட்டும் முன், போல்ட்டின் நுனி சிலிண்டரை முட்டுகிறதா என்று பார்ப்பது முக்கியம். பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண்ணில் ஒரு சிறு உருண்டையைப் போல்ட் நுனியில் ஒட்டிப் பூட்டிப் பிரித்தேன். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதே இடைவெளி. இடைவெளி போதவில்லை என்றால் போல்ட்டைச் சிறிது அறுத்து, நுனியை அரம் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் பூட்டியபிறகு பைபாட்டில் ரைபிளை நிற்கவைத்து, கட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை ஓட்டிப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும்.

நான் வாங்கியது ஹாரிஸ் மாதிரியில் செய்த மலிவான பைபாட். எடை கைக்கு அடக்கம், கால்கள் நன்றாகப் பூட்டுகின்றன. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபோது கால்கள் அடித்தளத்தோடு சேரும் மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. மூட்டுத் திருகைக் கழற்றி, குளிர்பான அலுமினிய டின்னைக் கத்தரித்து வளையமாக்கி இடையில் கொடுத்தேன். டின் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான், தேவைக்கு ஒன்றோ இரண்டோ வைக்கலாம். கத்தரித்த விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். பிறகு திருகு மரையில், அது தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. ஆட்டம் நின்றது.

பைபாட் விற்பவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். துப்பாக்கியை நிலையாக நிறுத்துவது பின்பக்கம். என் ரைபிளில் பைபாட்டின் காலுக்கும் தோளில் படும் பட் நுனிக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் தூரம். பைபாட் அச்சு மாதிரி நிற்கிறது, பின்முனை நகர்ந்தால் குறி எதிர்ப்பக்கம் நகரும். 60 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 50 மீட்டருக்கு எண்பது மில்லிமீட்டருக்கு மேல். பட் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேலும் கீழும் போனால் குறி அட்டையில் எட்டு சென்டிமீட்டர்! மூச்சுவிட்டாலே தோள் அதைவிட அதிகம் நகர்கிறது. பைபாட்டை முன்னால் தள்ளி வைக்கச் சொன்னதும் இதனால்தான். அந்த 60 சென்டிமீட்டரை 75 ஆக்கினால் அதே ஒரு மில்லிமீட்டருக்கு விலகல் எழுபதுக்குள் வந்துவிடும். ஆனால் உண்மையான தீர்வு பட்டுக்கு அடியில் ஒரு பை.

கடையில் விற்கும் பைகளைவிட நாமே தைப்பது மேல், ஏனென்றால் உயரம் நம் அளவுக்கு வரும். ரைபிளை பைபாட்டில் மட்டமாக நிறுத்தி, பட்டின் அடிவிளிம்புக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிட ஒரு விரற்கடை கூடுதலாக வைத்தேன். வெளி உறைக்குப் பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் கால். உள் உறைக்குக் குடைத்துணி, நெசவு நெருக்கமாக இருப்பதால் தூசு கசியாது. பட் உட்காரும் மேல்பக்கத்துக்குப் பெரியமேட்டில் வாங்கிய ஸ்வேட் தோல் துண்டு. அங்கே தோல் கடைகளில் துண்டு துக்கடா எடைக்குக் கிடைக்கும்.

உள்ளே எதைப் போடுவது? தெருமுனையில் தைக்கும் அக்காவிடம் கொடுத்தபோது அவரும் அதைத்தான் கேட்டார். “ஜவ்வரிசி போட்டா மெத்துனு இருக்குமே தம்பி?” இருக்கும்தான், சென்னையின் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. கம்பு, அரிசிக்கு வண்டு வரும். மெத்தைப் பைகளில் போடும் தெர்மோகோல் உருண்டை அழுத்தினால் எழும்பி வரும், நிலைத்து நிற்காது. எம்-சாண்ட் நொறுக்கிய கல், முனை கூர்மை, துணியை உள்ளிருந்தே அறுத்துவிடும். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது, ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். பக்கத்தில் இரும்பு வைக்க முடியாது. கடைசியில் கொளத்தூரில் மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் மெல்லிய மணலை வாங்கினேன். உருண்டையான மணி, கழுவியது, தூசு இல்லை. வெயிலில் நன்றாகக் காயவைத்து நிரப்பினேன். முழுக்கத் திணிக்காமல் முக்கால் பங்கு மட்டும். கையால் பிசைந்தால் வடிவம் மாற வேண்டும், விட்டால் அப்படியே நிற்க வேண்டும். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு பிளாஸ்டிக் குருணை எடை குறைவாக இருக்கும். மேசையில் சுடுகிற எனக்குக் கனம்தான் வேண்டும்.

வாயைத் தைக்கும்போது மட்டும் அக்கா மெஷினைத் தவிர்த்துக் கோணி ஊசியால் இரட்டை நூலில் கையாலேயே தைத்தார். ஒரு பொட்டு மணல் இதுவரை சிந்தவில்லை.

ரேஞ்சில் பயன்படுத்தும் விதம் இப்படி. மேசை கிரானைட் என்றால் பைபாட்டின் ரப்பர் பாதம் வழுக்கும். வெறும் சிமென்ட் என்றால் துள்ளும். அடியில் மடித்த கோணியோ பழைய கார்ப்பெட் துண்டோ போடுங்கள். வலக்கை ட்ரிகரில், இடக்கை முன்னால் போகாமல் பட்டுக்கு அடியில் உள்ள பையின் மேல். பையை அழுத்திப் பிசைந்தால் பட் உயரும், குறி இறங்கும். தளர்த்தினால் குறி ஏறும். நுணுக்கமான ஏற்ற இறக்கம் முழுவதும் இந்தப் பிடியில்தான். பக்கவாட்டுக்கு ரைபிளை வளைக்கக் கூடாது. நாற்காலியையும் உடம்பையும் ரைபிளுக்கு நேர் பின்னால் நகர்த்த வேண்டும். சரியாக உட்கார்ந்திருக்கிறோமா என்று தெரிய, குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறுக்குக் கோடு அதே இடத்தில் நின்றால் உடம்பு சரியாக இருக்கிறது. நகர்ந்திருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவராமல் மறுபடி உட்காருங்கள்.

பைபாட்டின் மேல் முன்னால் சாய்ந்து அழுத்துவது பற்றிப் பெரிய துப்பாக்கிக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். அவர்களுக்குத் துள்ளல் அதிகம், தோளால் நன்றாக முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிசிபிக்கு அந்த அழுத்தம் தேவையில்லை. மூட்டுகளில் மிச்சமிருக்கும் தளர்ச்சியை எடுக்கிற அளவுக்கு லேசாகத் தோளைக் கொடுத்தால் போதும். அளவைவிட முக்கியம், ஒவ்வொரு குண்டுக்கும் அதே அழுத்தம் இருப்பது. தாடை வைக்கும் இடமும் அப்படித்தான். ட்ரிகர் இழுத்த பிறகு தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்க்கும் ஆசையை அடக்கி, ஸ்கோப் வழியாகவே ஒரு நொடி பார்த்துக்கொண்டிருங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் சென்னையில் இந்தப் பதிவு முழுமையாகாது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், முகத்தில் பட்டும் படாமலும் வீசும் குறுக்குக் காற்றே 50 மீட்டரில் பெல்லட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளும். வெயில் காலத்தில் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் பெல்லட் ஒப்பீடு செய்வதில் அர்த்தமில்லை. விடிந்ததும் போய், வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மேசைக்கு முன்னால் ஒரு குச்சியில் உல்லன் நூல் கட்டி, அது தொங்கும்போது மட்டும் சுடுகிறேன்.

பலன்? 25 மீட்டரில் ஐந்து குண்டுக் குரூப், அதாவது ஐந்து குண்டுகளும் விழுந்த பரப்பு, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் தாராளமாக அடங்குகிறது. அதைவிடப் பெரிய லாபம், ஒரே மாதிரி என்று நான் நினைத்திருந்த இரண்டு பெல்லட் வகைகளில் ஒன்று 50 மீட்டரில் தெளிவாக விரிகிறது, இன்னொன்று சேர்ந்தே நிற்கிறது. அந்த வித்தியாசம் கையில் பிடித்துச் சுட்டவரை என் ஆட்டத்துக்குள் மறைந்திருந்தது. பையை எடுத்துவிட்டு பைபாட்டோடு மட்டும் சுட்டுப் பார்த்தால் குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது, பக்கவாட்டில் அவ்வளவாக இல்லை. மேலே சொன்ன கணக்கு அட்டையிலேயே தெரிகிறது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கடல் பக்கம் வீடு என்றால் பைபாட்டின் வெளி ஸ்பிரிங்குகள்தான் முதலில் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது துடையுங்கள். ரப்பர் பாதத்தில் எண்ணெய் படக்கூடாது. ரெயில் போல்ட்டை ரேஞ்சுக்குப் போகும் முன் அல்லன் கீ வைத்து ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். பையின் தோல் மேல் கொஞ்சம் முகப் பவுடர் தூவினால் பட் ஒட்டாமல் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மணல் பையை ரைபிள் பெட்டிக்குள் வைக்காமல் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஈயக் குண்டுகளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ கிளாஸைத் தொட வேண்டும்.